செத்த கையின் சாட்சி

டாக்டர் சாம்பசிவனின் குடுமி விறைத்துக்கொண்டு நேராக நின்றது.

நேசையன் பிணம் பார்க்காதவன் இல்லை. பொன்முடி மலைப்பாதைக்குப் பாறை உடைத்த காலத்தில், வெடியில் சிக்கியவர்களைக் கூடையில் அள்ளிக் கொடுத்தவன். ஆனால் முகம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, நாக்கு பிதுங்கி, உச்சிமயிர் மட்டும் காய்ந்த ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு இப்படி நெட்டுக்குத்தாக நிற்கிற பிணம் அவனுக்கும் புதிது. பிணவறை முழுவதும் பினாயில் நெடி. வாயைத் திறந்தால் வாந்தி வரும், அல்லது பேச்சு வரும். பேச்சை விட்டான்.

"உயிரோட இருந்தப்ப இந்தக் குடுமியை இவ்வளவு பக்கத்துல பாத்ததில்ல அண்ணாச்சி. அப்ப நான் பாறை விழுந்து கீழ கெடந்தேன். அவரு முட்டியை என் விலாவுல வச்சு அமுக்கி, 'எலும்பு ஒடிஞ்சிருந்தா கத்துவானே'ன்னாரு. கத்துனேன். 'ஒடிஞ்சவனுக்கு இவ்வளவு சத்தம் வராது'ன்னு எழுதிக் குடுத்துட்டாரு."

பகவதிப்பெருமாள் பிள்ளை சிரிக்கவில்லை. நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரம் வந்து, வக்கீல்களுக்காகத் துப்பறிந்து கொடுத்துப் பிழைக்கிறவர் அவர். நேசையன் அவருக்கு உதவியாள், காவலாள், சமயத்தில் கேடயம். பிள்ளை பிணத்தின் கழுத்தில் பதிந்த கோட்டையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தேயிலைத் தோட்டங்களில் அடிபட்ட தொழிலாளிகளைப் பரிசோதித்து, நஷ்டஈட்டுக்குத் தகுதி உண்டா இல்லையா என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது செத்துப்போன டாக்டரின் வேலை. உண்டு என்று அவர் எழுதியதாக மலையில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. நேற்று மத்தியானம் ஊருக்குள் ஸ்ரீவராகம் பகுதியில், அவர் வீட்டு முன்னறையில், பரிசோதனை மேஜைக்கு அடியில் அவரைக் கொன்று போட்டிருந்தார்கள். விலாவில் மிதி. நெற்றியில் மேஜைக்கால் பிளந்த பிளவு. கழுத்தில் சணல் கயிறு. கடைசியாகப் பரிசோதனைக்குப் போனவன் ராஜையன் என்ற தோட்டத் தொழிலாளி. இப்போது லாக்கப்பில் இருக்கிறான். அவனுடைய நஷ்டஈட்டு வழக்கை நடத்துகிற வக்கீல்தான் பிள்ளையை அனுப்பியிருந்தார்.

"கேஸ் முடிஞ்சாச்சு ஓய்," என்றார் இன்ஸ்பெக்டர் ஸ்ரீனிவாசன். "கழுத்தை நெரிக்க எத்தனை கை வேணும்? ரெண்டு. ராஜையனுக்கு ரெண்டு கையும் முழுசா இருக்கு. ஒரு எலும்பு ஒடியல. மெஷின் பெல்ட்டு இழுத்து வலது கை செத்துப்போச்சுன்னு நாடகம் ஆடினான். டாக்டர் கண்டுபிடிச்சார். இவன் தீர்த்துட்டான்."

பிள்ளை கயிற்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு நுனி நாராகப் பிய்ந்து, தட்டையாக நசுங்கி, பல் வரிசை தெளிவாகப் பதிந்திருந்தது.

"கடிச்சு இழுத்திருக்கான். ரெண்டு கையும் இருக்கிறவன் எதுக்குவே கடிக்கணும்?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். பிறகு அவர் முகம் இன்னும் மலர்ந்தது. "அப்போ கை நிஜமாவே செத்துதான் போயிருக்கு! ஒரு நுனி நல்ல கையில, மறு நுனி வாயில. இன்னும் நல்லதாப் போச்சு, ஒத்தைக் கைக்காரன்தான் கொன்னான்னு நீரே நிரூபிச்சுட்டீர்."

"கை இருந்தாலும் தூக்கு, இல்லேன்னாலும் தூக்கு," என்றான் நேசையன். "டாக்டரே தேவல சார். அவரு கஞ்சிக்குத்தான் வழி இல்லாம ஆக்குனாரு."

"வாயை அடக்கு. ஸ்டேஷன்ல ரெண்டு பேரை விட்டிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள அந்தக் கை தானே பேசிடும்."

அது என்ன பேச்சு என்று நேசையனுக்குத் தெரியும். லாக்கப்பில் கை பேசுவதற்கு லத்தி உண்டு, கொதிநீர் உண்டு, கதவிடுக்கு உண்டு.

பிள்ளை அசையாமல் பிணத்தின் தலைமாட்டில் நின்றார். குடுமியின் அடியைத் தொட்டார். தலைத்தோல் ஒரு ஓரத்தில் கிழிந்து எழும்பியிருந்தது. யாரோ குடுமியைக் கொத்தாகப் பிடித்து மேலே தூக்கியிருக்கிறார்கள்.

"சண்டையில அவிழ்ந்திருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

பிள்ளை வெளியே வந்தார்.

ஆஸ்பத்திரி மதிலோரம் வெயிலில் ஒரு சாக்கு மூட்டையை வைத்துக்கொண்டு நின்றாள் எலிசாள். ராஜையனின் மனைவி. கேஸ் முடியும் வரைகூடப் பொறுக்காமல் தோட்டத்துக் குடியிருப்பு லயத்திலிருந்து அவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீடு முழுவதும் அந்தச் சாக்குக்குள் இருந்தது.

"ஐயா, அவியளுக்குக் கை செத்தது நெசந்தான்னு சொல்லிட்டா விட்டிருவாங்களா?"

பிள்ளை வேறு பக்கம் பார்த்தார். "நெசந்தானா எலிசா? எங்கிட்டே சொல்லு."

"நான் வேட்டி கட்டி விடுதேன் ஐயா. நான் கையைத் தூக்கி மடியில வச்சாத்தான் அது மடியில இருக்கும். இத்தனை தடவ மலையெறங்கி வந்தாச்சு. வாறப்பல்லாம் சட்டையைக் கழத்துன்னுவாங்க, முறுக்குவாங்க, ஊசியால குத்துவாங்க. கை முழுசா இருக்கே, எங்கடா காயம்னு சிரிப்பாங்க. அறுத்துப் போட்டுட்டா நம்புவாங்களாட்டின்னு அவியோ ஒருநாள் கத்தியை எடுத்துட்டாவ. நாந்தான் பிடுங்கினேன்."

நேசையன் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டான். முதுகு மளுக்கென்றது. "என்ன தாயி, பொன்முடியையே பேத்து எடுத்துட்டு வந்துட்டியா?"

"அம்மிக்குழவி அண்ணே. அம்மியைத் தூக்க முடியல."

மூன்று பேரும் சாலைக் கடைத்தெரு வழியாக நடந்தார்கள். யுத்தம் வந்து அரிசி அருமையாகிவிட்டாலும் கடைத்தெருவில் வண்டிகளும் மூட்டைகளும் சத்தமும் குறையவில்லை. பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"கேளு நேசையா. கயித்துல ஒரு நுனி பல்லுல. மறு நுனி ஒரு கையில. சரி, ஒத்தைக் கைக்காரன் செய்யலாம். ஆனா குடுமியைப் பிடிச்சுத் தூக்குனது யாரு? அதுக்கு இன்னொரு கை வேணும்."

"அப்ப ரெண்டு கைக்காரன்."

"ரெண்டு கைக்காரன் எதுக்குக் கடிச்சான்? ரெண்டு நுனிய ரெண்டு கையில பிடிச்சு இழுத்திருப்பானே. குடுமியை விட்டிருப்பான்."

"மூணு கைக்காரனைத் தேடணும்னு சொல்லுதீங்க. அப்படி ஒருத்தன் இருந்தா எந்த முதலாளியும் மலையில விட்டு வைக்க மாட்டான் அண்ணாச்சி, நாலாவது கையும் முளைக்கட்டும்னு வெளக்கெண்ண தடவிவிடுவான்."

பிள்ளை சட்டென்று நின்றார். பின்னால் வந்த நேசையன் மூட்டையோடு அவர்மேல் மோதினான்.

மிளகுக் கடை வாசலில் ஒருவன் சாக்குக் கட்டிக்கொண்டிருந்தான். நிறைந்த சாக்கின் வாயை இடது முஷ்டியில் கொத்தாகச் சேர்த்து, ஒரு தூக்குத் தூக்கி, முறுக்கினான். வலது கை சணலைச் சுற்றியது. குனிந்து ஒரு நுனியைப் பல்லால் கவ்வினான். தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம், நெஞ்சு நரம்பு புடைக்க ஒரு இழுப்பு. சாக்கின் கழுத்து நெரிந்தது.

அவனுக்கு இரண்டு கையும் நன்றாக இருந்தன.

நேசையன் தன் தோள் மூட்டையின் கட்டைத் தடவிப் பார்த்தான். அவனும் மூட்டை தூக்கியவன்தான். ஆயிரம் தடவை பார்த்த காட்சி. டாக்டரின் குடுமியோடு அதைச் சேர்த்துப் பார்க்க அவனுக்கு இதுவரை தோன்றவில்லை.

"மூணாவது கை," என்றார் பிள்ளை மெல்ல. "குடுமியைச் சாக்கு வாயா நெனச்சிருக்கான். நெனச்சிருக்கவும் மாட்டான். கை அதும்பாட்டுக்குப் போயிருக்கு." எலிசாள் பக்கம் திரும்பினார். "தோட்டத்துல கொழுந்துச் சாக்கைக் கட்டுறது யாரு எலிசா? ராஜையன் கட்டுனது உண்டா?"

"அவியோ மெஷின் வேலையில்லா ஐயா. சாக்கு கட்டுறதுக்குத் தனி ஆளு." அவள் யோசித்தாள். "இப்ப சூப்பர்வைசரா இருக்காருல்லா ஞானையன், அவருகூட பண்டு சாக்கு கட்டுனவருதான். எங்க லயத்துல பொறந்த மனுசன். இப்ப கோட்டு."

நேசையனும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜையனை ஸ்ரீவராகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர் ஞானையன். ராஜையன் அலறிக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன் என்று போலீசுக்குச் சொன்னவரும் ஞானையன்.

கம்பெனி சரக்கு வைக்கும் கிட்டங்கி அதே தெருவின் கோடியில்தான். மாடி அறையில் ஞானையன் கோட்டும் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்திருந்தார். வாயோரம் கைக்குட்டையை ஒற்றிக்கொண்டிருந்தார். முன்னால் காப்பி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

"பல்லுவேதனை," என்றார். "சூடு படக்கூடாது. என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல," என்றார் பிள்ளை, மகா சாதுவாக. "இந்தப் பொம்பளை சாமானைக் கம்பெனி லாரியில ஊருக்கு அனுப்பித் தரணும். புருஷன் இனிமே வரப்போறதில்ல பாரும்."

ஞானையன் எலிசாளைப் பார்க்காமல் தலையை ஆட்டினார். "வச்சிட்டுப் போங்க."

நேசையன் மூட்டையை இறக்கினான். இறக்கும்போதே கட்டை அவிழ்த்துவிட்டான். குழவி உருண்டு, சட்டி உருண்டு, கம்பளி சரிந்தது. எல்லாவற்றையும் திரும்பத் திணித்துக் கயிற்றைச் சுற்றினான். தூக்கினான். மறுபடி கொட்டியது.

"என்னடே இது?" என்றார் பிள்ளை.

"எனக்குப் பாறை உடைக்கத்தான் தெரியும் அண்ணாச்சி. மூட்டைக்கட்டு மெல்லிய வேலை." மூன்றாவது முறை பூணூல் மாட்டுவதுபோலக் கயிற்றைக் குறுக்கே போட்டான். சட்டி ஞானையனின் பூட்ஸ்மேல் விழுந்தது.

"சீ, தள்ளிப் போவே! தின்னுறதுக்கு மட்டும் கை." ஞானையன் எழுந்து வந்தார். இடது முஷ்டி சாக்கின் வாயைக் கொத்தாகச் சேர்த்தது. ஒரு தூக்கு. ஒரு முறுக்கு. வலது கை கயிற்றைச் சுற்றியது. குனிந்தார். கவ்வினார். இழுத்தார்.

"ஆவ்!" என்று ஒரு சத்தம். கயிறு வாயிலிருந்து விழுந்தது. நுனியில் புது ரத்தம். கடைவாய் கிழிந்த புண் திறந்துகொண்டு மோவாயில் வழிந்தது.

சாக்கின் கட்டு கச்சிதமாக நின்றது.

"உயிருள்ள சாக்கு," என்றார் பிள்ளை. "திமிறியிருக்கும். அதான் வாயைக் கிழிச்சிருக்கு."

ஞானையன் அப்போதுதான் தன் கைகளைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் மேஜைக்கு அடியிலிருந்து கவ்வாத்துக் கத்தி வந்தது. தேயிலைச் செடியின் கட்டைக்கொம்பை ஒரே வீச்சில் அறுக்கிற கத்தி. முதல் வீச்சு பிள்ளையின் கழுத்துக்கு வந்தது. நேசையன் முன்கையைக் கொடுத்தான். சதை திறந்து வெள்ளை தெரிந்தது. அவன் தலையால் ஞானையனின் மூக்கில் முட்டினான். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டும் அந்த மனுஷன் விழவில்லை. மலையில் வளர்ந்த உடம்பு. நேசையனைச் சுவரோடு அறைந்து, தொண்டையில் முட்டியை ஊன்றி, கத்தியை மறுபடி ஓங்கினார்.

எலிசாள் சாக்கைத் தூக்கினாள். இரண்டு கையாலும் அதன் கழுத்தைப் பிடித்து, நெல்லடிப்பதுபோல ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள். அம்மிக்குழவி ஞானையனின் பிடரிக்கும் தோளுக்கும் நடுவே இறங்கியது. மறுபடி ஓங்கி இறக்கினாள். கத்தி போன இடம் தெரியவில்லை. மூன்றாவது அடிக்குப் பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

நேசையன் தரையில் உட்கார்ந்து மூச்சைத் தேடினான். "நல்ல கட்டு," என்றான். "இவ்வளவு அடிச்சும் பிரியல பாருங்க."

ஞானையன் மல்லாந்து கிடந்தார். ரத்தத்தோடு பேச்சும் வந்தது.

"அந்த டாக்டரு எப்பவும்போல இல்லைன்னு எழுதியிருந்தா ஒண்ணுமில்ல. ராஜையன் கையில சுருட்டை வச்சு அமுக்குனாரு. இவன் ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டு நிக்கான். கறி கருகுது. அறை முழுக்க நாத்தம். இவன் என்னடான்னா, 'சாமி, யாரு வீட்டுலயோ சோறு தீயுது'ங்கான். டாக்டரு சுருட்டைக் கீழ போட்டுட்டாரு. இவனை அனுப்பிட்டு எங்கிட்டே சொன்னாரு, 'இது செத்த கைடா. முழு நஷ்டமுன்னு எழுதப்போறேன். பெல்ட்டுக்கு ஏன் வேலி இல்லே, அதையும் எழுதுவேன்.' வேலியைக் கழட்டச் சொன்னது நான். கொழுந்து தேங்குதுன்னு கழட்டச் சொன்னேன்."

"வேலை போயிரும்னு கொன்னீரா?" என்றார் பிள்ளை.

"சாக்குக் கட்டிட்டு இருந்தவன் நான். திரும்பவும் போயி அந்தச் சாக்குக்குப் பக்கத்துல நிக்கணுமா?"

எலிசாள் சாக்கைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தில் காறித் துப்பினாள்.

கடைத்தெருக்காரர்கள் உதவ, அவரை வண்டியில் ஏற்றிக் கட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். நேசையன் வெட்டுக்காயத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஓடினான். சாயங்காலம் ஆகவில்லை. வெயில்கூடச் சாயவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை ஜெயித்தாயிற்று.

லாக்கப்பில் ராஜையன் சுவரோரம் கிடந்தான். இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. வலது கை தோளிலிருந்து தொங்கியது. கொதிநீர் ஊற்றிய தோல் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உரிந்து சுருண்டிருந்தது. ஆனால் அவன் முனகியது அதற்காக இல்லை. மறு கைக்காக. இடது முன்கை நடுவில் மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

"இது என்ன?" என்றார் பிள்ளை.

காவலுக்கு நின்ற மலையாளக் கான்ஸ்டபிள் நெளிந்தான். "வலத்தே கையில எந்து செய்தாலும் ஆளு அனங்கல சார். சத்தியமாயிட்டும் ஒரு அசைவு இல்ல. பின்ன எப்படிச் சம்மதிப்பிக்கும்? அதான் மத்த கையை..."

எலிசாள் கம்பிக்குள் போய்ப் புருஷனின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

ஞானையனின் வாக்குமூலத்தைக் கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் ஸ்ரீனிவாசன் நெடுநேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, விட்டுடறேன். பெருவிரல் ரேகை வச்சாப் போகலாம். மெஷின் கைக்கு கம்பெனி தரும், புது டாக்டர் வந்து பரிசோதிச்சு..."

"இந்தக் கைக்கு எந்தக் கம்பெனி சார்?" என்றான் நேசையன்.

"அது... பிடிக்கப் போன இடத்துல திமிறினான்."

"திமிறுறதுக்கு அவனுக்கு இருந்ததே ஒரு கை."

"நஷ்டஈடு வழக்கு நடத்துற வக்கீலுக்கு இன்னொரு வழக்கும் சேத்துக் குடுக்கேன்," என்றார் பிள்ளை, குரல் உயராமல். "எதிரி பேரு ஸ்ரீனிவாசன். இப்ப ரேகையை வாங்கிட்டு ஆளை ஆஸ்பத்திரிக்கு விடும்."

கான்ஸ்டபிள் மைத்தட்டும் காகிதமும் கொண்டு வந்து, ராஜையனின் பக்கத்தில் குந்தி, திகைத்தான். "இடத்தே பெருவிரலாக்கும் வேண்டியது சார்."

"வலது செல்லாது," என்றார் இன்ஸ்பெக்டர். சொன்ன குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"அப்ப இடது கையை நீங்களே தூக்குங்க," என்றான் நேசையன். "எந்த எடத்துல ஒடைஞ்சிருக்குன்னு ஒடைச்சவங்களுக்குத்தானே தெரியும்."

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். ஒடிந்த கையை நோக்கிக் குனிந்தார். ராஜையனின் உடம்பு முழுவதும் சுருண்டு நடுங்கியதைப் பார்த்து நின்றார். பிறகு தரையில் முட்டி போட்டு, உரிந்த வலது கையை எடுத்தார். அது கரையில் போட்ட மீன்போலக் குளிர்ந்து கனத்தது. பெருவிரலை மையில் உருட்டினார். காகிதத்தில் வைத்து, வேண்டியதற்கு மேலாகவே அழுத்தினார். உரிந்த தோலிலிருந்து நீர் கசிந்து அவர் விரலில் வழிந்தது. ராஜையனின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

கையை மெல்ல அதன் இடத்தில் வைத்தார். எலிசாள் முந்தானையால் அந்த விரலின் மையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

வீங்கிய கண்ணைத் திறக்க முடியாமல் ராஜையன் கேட்டான்.

"எப்ப சார் ரேகை வைப்பீங்க?"